ஹெரால்டின் பின்னங்கால்

பழைய கார்களைப் பத்தி எங்க பேச்சு ஆரம்பிச்சாலும் ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்கு வந்ததும் ஒரு வசனம் தவறாம வந்து விழும். "நல்ல வண்டிதான் சார். ஆனா நம்மூரு மெக்கானிக்குகளுக்கு அந்தப் பின் சஸ்பென்ஷன் புரியல. அதான் கம்பெனிக்காரனே கெசல்ல அதைக் கழட்டிட்டு சாதா ஆக்ஸில் போட்டுட்டான்." சொல்றவர் ஒரு பெருமூச்சும் விடுவார். இங்கிலாந்துக்காரன் கொடுத்த நுட்பத்தை நாம மாட்டுவண்டி ஆக்கிட்டோம்கிற மாதிரி.

எனக்கு இந்த வசனம் ரொம்ப நாளாவே உறுத்தல். படிச்சது மெக்கானிக்கல், திருவனந்தபுரத்துல உட்கார்ந்து பண்றது ஜாவா. பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குய்யா சஸ்பென்ஷன்னு நீங்க கேக்கலாம். நாகர்கோவில்ல எங்க மாமா வீட்டு ஷெட்ல 1960களின் ஹெரால்ட் ஒண்ணு நிக்குது. அதைக் கழட்டிப் போடுறதா, வைக்கிறதாங்கிறதுதான் இப்போ குடும்பத்துல ஓடுற பஞ்சாயத்து. அதுல தீர்ப்பு சொல்லணும்னா முதல்ல வரலாறு தெரியணும் இல்லையா? அதனால இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீயோட உட்காருங்க.

முதல்ல இங்கிலாந்து. ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனி 1950களின் நடுவுல ஒரு சின்ன கார் செய்ய நினைச்சப்போ பெரிய சிக்கல் ஒண்ணு. அவங்களுக்கு பாடி செஞ்சு கொடுத்துட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953ல் போட்டிக்காரனான பி.எம்.சி. வாங்கிட்டான். முழுசா ஒரே கூடா பாடி அடிச்சுத் தர ஆள் இல்லை. சரின்னு பழைய பாணிக்கே போய், கீழே தனியா ஒரு சேஸ், மேல துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டுற பாடின்னு முடிவு பண்ணினாங்க. வடிவம் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. இன்ஜினியரிங் பக்கம் ஹாரி வெப்ஸ்டர். 1959ல் ஹெரால்ட் வந்தது. பானெட்டைத் தூக்கினா மட்கார்டோட சேர்ந்து முன்பக்கம் முழுசும் முதலை வாய் மாதிரி திறக்கும். 25 அடி வட்டத்துல திரும்பும். ஆட்டோரிக்‌ஷாவுக்கே பொறாமை வரணும்.

நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். முன்னால இரட்டை விஷ்போன், காயில் ஸ்ப்ரிங், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். அந்தக் காலத்து மலிவு விலைக் குடும்பக் காருக்கு இது அதிகம்தான். இதே முன்பக்கத்து உருப்படிகளை வாங்கித்தான் லோட்டஸ் கம்பெனி தன்னோட செவன் காரின் இரண்டாம் வரிசையில மாட்டினான். எலான் ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரத்தைத் தாங்கின அப்ரைட்டும் டிரையம்ஃப் வழி வந்ததுதான். ஆக, முன்னங்கால் பந்தயக் குதிரையோடது. அதுல யாருக்கும் சண்டை இல்லை.

சண்டையெல்லாம் பின்னங்கால்லதான்.

பின்னால டிஃபரன்ஷியலை சேஸோட இறுக்கி மாட்டியாச்சு. அதுலேர்ந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆக்ஸில் துண்டு. ஒவ்வொண்ணுக்கும் உள்பக்கம் மட்டும் ஒரு கிராஸ் ஜாயிண்ட். வெளிப்பக்கம் சக்கரம் ஆக்ஸிலோட விறைப்பா நிக்கும். மேல குறுக்கா ஒரு பட்டை ஸ்ப்ரிங், டிஃபரன்ஷியல் தலையில உட்கார்ந்து இரண்டு பக்கமும் கை நீட்டி சக்கரத்தைப் பிடிச்சிருக்கும். இதுக்குப் பேரு ஸ்விங் ஆக்ஸில். பறவை இறக்கை அடிக்கிறதைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஆக்ஸில்தான் இறக்கை, கிராஸ் ஜாயிண்ட்தான் தோள்பட்டை. இரண்டே கிராஸ்ல வேலை முடிஞ்சிருது. தனி சஸ்பென்ஷன்லயே மலிவான வழி இதுதான்.

இந்தக் கார் 1961ல் நம்ம ஊருக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்னு பேர் வெச்சு செய்ய ஆரம்பிச்சது. துண்டு துண்டா போல்ட் போடுற பாடிங்கிறது இங்க பெரிய வரம். கோடிக்கணக்குல டை செஞ்சு பிரஸ் வாங்க வேண்டாம். அதனாலதான் 1960களின் கடைசியில இங்கிலாந்துலயே இல்லாத நாலு கதவு ஹெரால்டை வண்டலூர்க்காரங்களால தாங்களே செய்ய முடிஞ்சது. அம்பாசடர், ஃபியட், ஹெரால்ட் - மூணே மூணு கார்தான் நாட்டுல. அதுல முதல் ரெண்டுக்கும் பின்னால ஒரே விறைப்பு ஆக்ஸில். ஹெரால்டுக்கு மட்டும் இறக்கை.

இப்போ அந்த இறக்கை என்ன பண்ணும்னு பார்ப்போம். கணக்கு கொஞ்சம் வரும், பயப்படாதீங்க.

கிராஸ் ஜாயிண்ட்லேர்ந்து சக்கரம் வரைக்கும் தோராயமா அரை மீட்டர்னு வெச்சுக்கோங்க. ஒரு பள்ளத்துலயோ மேட்டுலயோ சக்கரம் 50 மில்லிமீட்டர் மேல கீழ போனா ஆக்ஸில் சாயுற கோணம் கிட்டத்தட்ட 5.7 டிகிரி. சக்கரம் ஆக்ஸிலோட விறைப்பா இருக்கிறதால அதுவும் அதே 5.7 டிகிரி சாயும். சக்கரம் நேரா நிக்காம உள்ளயோ வெளியயோ சாயுற கோணத்தைத்தான் கேம்பர்னு சொல்றோம். தலை வெளியே சாஞ்சா பாசிட்டிவ், உள்ளே சாஞ்சா நெகட்டிவ். இன்னைக்கு அலைன்மெண்ட் கடையில அரை டிகிரி வித்தியாசத்துக்கே மூஞ்சியைச் சுளிப்பாங்க. இங்க ஒரு குழிக்கு ஆறு டிகிரி ஆட்டம்! டயர் தரையைத் தொடுற இடமும் பக்கவாட்டுல கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நகரும். ரோட்டை அரம் போட்டுத் தேய்க்கிற மாதிரி.

இதைவிடப் பெரிய விவகாரம் வளைவுல. வேகமா திரும்பும்போது வெளிப்பக்க டயரை ரோடு உள்நோக்கித் தள்ளும். டயர் தரையைத் தொடுற புள்ளியிலேர்ந்து கிராஸ் ஜாயிண்ட்டுக்கு ஒரு கோடு போட்டா அது சுமார் 29 டிகிரி மேல்நோக்கிச் சரிஞ்சிருக்கும். அந்தக் கோட்டு வழியாத்தான் விசை போகும். வெளிப்பக்க டயர்ல 200 கிலோ பக்கவாட்டு விசைன்னா அதுல சுமார் 110 கிலோ காரின் பின்பக்கத்தை மேல தூக்கும். உள்பக்க டயர்ல 100 கிலோன்னா அது 55 கிலோ கீழே இழுக்கும். மிச்சம் 55 கிலோ மேல்நோக்கி. வண்டி பின்பக்கம் எழும்பும். எழும்பினா கோடு இன்னும் செங்குத்தாகும். செங்குத்தானா இன்னும் தூக்கும். அதோட வெளிப்பக்க டயரின் தலை வெளியே சாய்ஞ்சு பிடி விடும். அந்த நேரம் பார்த்து டிரைவர் பயந்து ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தார்னா பாரம் முன்னால போய், பின்பக்கம் இன்னும் லேசாகி, சக்கரம் காலை மடக்கிக்கும். நொண்டி ஆடு உட்காருமே, அதே மாதிரி.

மெதுவா போனா எதுவும் ஆகாது. ஏறக்குறைய 35 குதிரைத்திறன் வண்டியில எந்த வேகம் வரும்னு நீங்க சிரிக்கலாம். ஆனா ஆரல்வாய்மொழிலேர்ந்து இறக்கத்துல வர்றப்போ பின்னால காத்தும் தள்ளினா... சரி விடுங்க.

இந்த வியாதி ஹெரால்டோட மட்டும் பிறக்கலை. ஸ்விங் ஆக்ஸிலுக்கு 1903லயே எட்மண்ட் ரும்ப்ளர் காப்புரிமை வாங்கியிருக்கார். மெர்சிடிஸ் 1931ல் வந்த 170 மாடல்ல போட்டான். ஃபோக்ஸ்வாகன் பீட்டில்ல இதுதான். 1954ல் வந்த, இறக்கைக் கதவு வெச்ச 300 எஸ்.எல்., உலகமே இன்னைக்கும் வாயைப் பிளந்து பார்க்கிற கார், அதுக்கும் பின்னால இதே சங்கதிதான். 1957ல் திறந்த கூரை மாடல் வரும்போது ஜாயிண்ட்டைக் கீழே இறக்கி அந்தக் கோட்டோட சரிவைக் குறைச்சாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி அதுக்கும் முன்னாடியே இருக்கு. 1934ல் மெர்சிடிஸ் கிராண்ட் ப்ரீ கார் டபிள்யூ 25க்குப் பின்னால ஸ்விங் ஆக்ஸில். சக்தி ஏற ஏற அது அடங்கலை. 1937ல் டபிள்யூ 125 வந்தப்போ ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிட்டு, இரண்டு பின் சக்கரத்தையும் ஒரே குழாயால பிணைச்ச டி டியான் ஆக்ஸிலுக்கு மாறிட்டாங்க. போட்டிக்காரனான ஆட்டோ யூனியனும் அடுத்த வருஷமே 'டி' மாடல்ல அதே பாதையில வந்தான். உலகத்துலயே வேகமான காருங்க "தனித்தனி இறக்கை வேண்டாம், ரெண்டு சக்கரமும் ஒண்ணுக்கொண்ணு நேரா நின்னா போதும்"னு முடிவெடுத்த வருஷம் 1937. இதை மனசுல வெச்சுக்கோங்க, கெசலுக்கு வரும்போது தேவைப்படும்.

அமெரிக்காவுல ஷெவர்லே கார்வெயர் விவகாரம் உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். 1960லேர்ந்து 63 வரைக்கும் வந்த மாடல்கள்ல ஸ்விங் ஆக்ஸில், அதோட இன்ஜினும் பின்னால. முன் டயருக்கு 15 பவுண்டு காத்து, பின் டயருக்கு 26ன்னு கம்பெனி சொன்னது. எத்தனை பேர் அதைக் கவனிச்சு அடிச்சிருப்பாங்க? ரால்ஃப் நேடர் 1965ல் எழுதின புத்தகத்தோட முதல் அத்தியாயமே இந்தக் கார்தான். அதுக்குள்ள ஷெவர்லேயே 1964ல் குறுக்கா ஒரு பட்டை கூடுதலா போட்டு, 65ல் மொத்த அமைப்பையும் மாத்திட்டான். 1972ல் அமெரிக்க அரசு ஆய்வு, அந்தக் காலத்து மத்த கார்களைவிட கார்வெயர் மோசமில்லைன்னு சொல்லிச்சு. ரெண்டு கட்சிக்கும் இன்னைக்கு வரைக்கும் ஆள் இருக்கு.

டிரையம்ஃப்பும் சும்மா இருக்கலை. ஹெரால்ட் சேஸைக் குறுக்கி 1962ல் ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க. அதே பின்னங்கால். அதுல ஆறு சிலிண்டரைத் திணிச்சு 1966ல் ஜி.டி. 6. அப்போதான் பத்திரிகைக்காரங்க கத்த ஆரம்பிச்சாங்க. 1968ல் ஜி.டி. 6க்குக் கீழே ஒரு விஷ்போன் கொடுத்து ஒழுங்கு பண்ணினாங்க. ஸ்பிட்ஃபயருக்கு 1970ல் மலிவான ஒரு தந்திரம்: குறுக்குப் பட்டை ஸ்ப்ரிங்ல அடிப்பட்டையை மட்டும் டிஃபரன்ஷியலோட இறுக்கிட்டு, மத்த பட்டைகளை நடுவுல ஊஞ்சல் மாதிரி ஆட விட்டாங்க. வண்டி சாயும்போது பின் ஸ்ப்ரிங் அவ்வளவா எதிர்க்காது. சாய்வைத் தாங்குற வேலை முன்னால இருக்கிற கம்பிக்குப் போயிரும். எனக்கு இதைப் படிச்சப்போ கைதட்டத் தோணிச்சு. ஸ்ப்ரிங் பட்டையை எப்படிப் பிடிக்கறோம்ங்கிறதை மாத்தியே பாதி வியாதி காலி. ஆனா இந்த வைத்தியம் ஹெரால்டுக்கு வரவேயில்லை. 1971ல் இங்கிலாந்துல ஹெரால்டே நின்னு போச்சு.

பந்தயக்காரங்க வைத்தியம் வேற. பின்பக்கத்தைத் தாழ்த்தி, வண்டி சும்மா நிக்கும்போதே சக்கரத்தோட தலை உள்ளே சாயுற மாதிரி வெச்சிருவாங்க. அப்புறம் எவ்வளவு எழும்பினாலும் நேர்க்கோட்டைத் தாண்டிப் போக இடம் கொஞ்சம்தான். இதே குடும்பத்து ஸ்பிட்ஃபயருங்க 1965 லே மான் 24 மணி நேரப் பந்தயத்துல தங்கள் பிரிவுல முதல் ரெண்டு இடத்தைப் பிடிச்சதுன்னா, அளந்து வெச்சா இந்தப் பின்னங்கால் ஓடும்னுதான் அர்த்தம்.

நம்ம ஊருக்கு அந்த மாதிரி இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டுல, ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம். 1953ல் ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தினது. 1990ல் இருங்காட்டுக்கோட்டையில சொந்தத் தளம் வர்ற வரைக்கும் தென்னிந்தியாவோட பந்தயத் திருவிழா அதுதான். ஹெரால்ட், ஃபியட், அம்பாசடர்னு ரோட்டுல பார்க்கிற வண்டிகளே கதவுல நம்பர் ஒட்டிக்கிட்டு ஓடும். கோயம்புத்தூர் கரிவர்தன் அந்தப் பள்ளியில வளர்ந்தவர். 1980களின் கடைசியில மாருதி 800 இன்ஜினை வெச்சு ஃபார்முலா மாருதின்னு ஒத்தை ஆள் பந்தய கார் செஞ்சார். கேம்பர், டோ, உயரம் எல்லாத்தையும் ஒரு இந்தியப் பையன் கையால மாத்தி, ஓட்டிப் பார்த்துக் கத்துக்கிற விலையில கிடைச்ச கார். 2005ல் ஃபார்முலா 1 போன நரேன் கார்த்திகேயன் ஆரம்பிச்சது அதுலதான். கரி 1995ல் ஒரு குட்டி விமான விபத்துல போயிட்டார். செட்டிப்பாளையத்துல இருக்கிற ஓட்டப்பந்தயத் தளத்துக்கு அவர் பேர்தான். அவரைப் பத்தி தனியாவே எழுதணும்.

சரி, நாகர்கோவிலுக்கு வருவோம்.

மாமா ஒரு நாள் போன் பண்ணி, "மருமவனே, இந்தச் சவத்துக்க பின்பக்கத்தத் தூக்கிப் போட்டுட்டு ஆம்னி ஆக்ஸில் மாட்டிரலாம்னு எல்லாரும் சொல்லுகாவ. நீ இஞ்சினியராக்கும், ஒரு வார்த்தை சொல்லு"ன்னார். வில்லுக்குறி தாண்டி குமாரகோவில் திருப்பத்துல மழையில ஒரு தடவை பின்பக்கம் சறுக்கி அத்தை அலறியிருக்காங்க. அதுலேர்ந்து அத்தை வண்டியில ஏற மாட்டேன்னு விரதம். அதுதான் உண்மையான பிரச்சினை.

கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் கடை ஒண்ணுக்குக் கொண்டு போனோம். "இந்த வண்டி லிஸ்ட்லயே இல்ல சார்"னு அனுப்பிட்டாங்க. அப்புறம் வடசேரி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி. எழுபது வயசுக்கு மேல. அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கொத்தனாருக்க தூக்குக்குண்டு கிடைக்குமா?"

இந்த இடத்துல விளக்கமா சொல்லணும், ஏன்னா இதை யார் வேணாலும் வீட்டுல பண்ணலாம். முதல்ல தரை. வீடு கட்டுறவங்க வெச்சிருக்கிற தண்ணி டியூபைப் பிடிச்சு நாலு சக்கரம் நிக்கிற இடமும் ஒரே மட்டமான்னு பார்த்தோம். ஒரு மூலை 4 மில்லிமீட்டர் தாழ்வு, தகடு வெச்சுச் சரி பண்ணினோம். டயர் காத்து நாலும் சரிபார்த்தாச்சு. டிரைவர் சீட்ல 25 கிலோ அரிசி மூட்டை மூணு, மாமாவுக்குப் பதிலா. (மாமா உட்கார்ந்தா அசைஞ்சுக்கிட்டே இருப்பார், அரிசி அசையாது.)

அடுத்தது ஸ்விங் ஆக்ஸிலுக்கே உரிய சங்கதி. ஜாக்கி வெச்சுத் தூக்கி இறக்கினா பின் சக்கரம் ரெண்டும் காலை மடக்கின நிலையிலயே நின்னுக்கும். டயர் பக்கவாட்டுல நகர இடம் கொடுக்காது. அப்படியே அளந்தா எல்லாம் பொய்க் கணக்கு. வண்டியை முன்னும் பின்னும் ரெண்டு வண்டி நீளம் தள்ளி, பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விட்டு, அப்புறம்தான் அளக்கணும். அண்ணாச்சி இதை என்கிட்ட சொல்லலை. சும்மா வண்டியைத் தள்ளச் சொன்னார். தள்ளி முடிச்ச பிறகுதான் ஏன்னு எனக்கு ஓடுச்சு.

வண்டிக்கு ரெண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்துல நூல் கட்டினோம். முன் ஹப், பின் ஹப் ரெண்டுலேர்ந்தும் நூலுக்கு ஒரே தூரம் வர்ற வரைக்கும் நகர்த்தினா நூல் வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையா வந்துரும். அப்புறம் ரிம்மோட முன் விளிம்பு, பின் விளிம்பு ரெண்டையும் நூலுக்கு ஸ்டீல் ஸ்கேல்ல அளந்தா டோ கிடைக்கும். ஹெரால்ட்ல பின் சக்கரத்துக்கும் டோ மாத்தலாம். முன்னால போற ஆர்ம் சேஸ்ல மாட்டுற இடத்துல ஷிம் தகடு இருக்கும். பல பேர் பின்பக்கத்தை அளக்கிறதே இல்லை. எங்க வண்டியில ஒரு சக்கரம் 3 மில்லிமீட்டர் வெளியே பார்த்துட்டு இருந்தது. அந்தப் பக்கத்து ஷிம் எல்லாம் எந்த யுகத்துல யார் எடுத்தாங்களோ.

கேம்பருக்குத் தூக்குக்குண்டு. மட்கார்டுலேர்ந்து தொங்கவிட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூல்லேர்ந்து எவ்வளவு தூரம்னு பார்க்கணும். 13 அங்குல ரிம்முக்கு விளிம்பு விட்டம் சுமார் 350 மில்லிமீட்டர். வித்தியாசம் 6 மில்லிமீட்டர்னா 1 டிகிரி. எங்களுக்கு வந்தது இடது 19, வலது 16. அதாவது 3.1, 2.6 டிகிரி, ரெண்டுமே பாசிட்டிவ். வண்டி சும்மா நிக்கும்போதே தலை வெளியே! மழையில சறுக்காம என்ன பண்ணும்?

குனிஞ்சு பார்த்தா காரணம் கண்ணுக்கு முன்னாடி. குறுக்கு ஸ்ப்ரிங்ல கூடுதலா ஒரு பட்டை. எப்பவோ யாரோ "பின்பக்கம் தொய்ஞ்சிருச்சு"ன்னு லாரிக்குப் பண்ற வைத்தியத்தைப் பண்ணியிருக்காங்க. விறைப்பு ஆக்ஸில் வண்டியில அதனால பெரிய தப்பு வராது, பின்பக்கம் உயரும், அவ்வளவுதான். ஸ்விங் ஆக்ஸில்ல உயரமும் கேம்பரும் ஒரே கயிற்றோட ரெண்டு முனை.

ஆக "மெக்கானிக்குக்குப் புரியல" கட்சி ஜெயிச்சுதா? நானும் அப்படித்தான் முடிவு கட்டப் போனேன். அண்ணாச்சி ஷெட்ல இருந்த மூணு பேரைப் பின்சீட்ல உட்காரச் சொன்னார். மறுபடி தள்ளி, அமுக்கி, அளந்தோம். பின்பக்கம் 40 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. இடது சக்கரம் இப்போ 1.5 டிகிரி நெகட்டிவ். "பாத்தியா தம்பி, ஆளு ஏறினா சரியாவுது. அந்தப் பட்ட போட்டவன் மடையன் இல்ல. அன்னைக்கு ஒரு வண்டியில எத்தன பேரு போவா?"

நியாயம்தானே! நாலு பேருக்குன்னு செஞ்ச கார்ல நம்மாளுங்க சுசீந்திரம் தேரோட்டத்துக்கு ஏழு பேர் ஏறிப் போவாங்க. மடியில குழந்தைங்க கணக்குல சேராது. கூடுதல் பட்டை இல்லாம அத்தனை பேர் ஏறினா சக்கரம் நாலஞ்சு டிகிரி உள்ளே சாஞ்சு, டயரோட உள்விளிம்பு சீக்கிரமே கம்பி தெரிய ஆரம்பிச்சிரும். டயர் விக்கிற விலையில அதைத்தான் முதல்ல காப்பாத்துவான் மனுஷன். பட்டை போட்டா டயர் பிழைக்கும், தனியா போறப்போ வளைவுல பயம். எடுத்தா வளைவு பிழைக்கும், குடும்பத்தோட போறப்போ டயர் சாகும். ஒரே ஸ்ப்ரிங்ல ரெண்டையும் சரிக்கட்ட வழி கிடையாது. சும்மா நிக்கிற வண்டிக்கும் நிறைஞ்ச வண்டிக்கும் எடை வித்தியாசம் குறைவா இருக்கிற நாட்டுக்குத்தான் இந்த அமைப்பு ஒத்துவரும்.

வண்டலூர்க்காரங்க 1972ல் கெசல் விட்டப்போ அதே 948 சி.சி. இன்ஜினை வெச்சுக்கிட்டு பின்னால மட்டும் விறைப்பு ஆக்ஸில் போட்டது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நியாயமாகுது எனக்கு. ஏழு பேர் ஏறினாலும் ஒருத்தர் ஏறினாலும் கேம்பர் பூஜ்யம். வளைவுல பின்பக்கம் எழும்பாது. கிராஸ் ஜாயிண்ட் தேய்ஞ்சு டக் டக்னு அடிக்கிற சத்தமும் இல்லை. இழப்பும் உண்டு: டிஃபரன்ஷியலோட மொத்த எடையும் இப்போ சக்கரத்தோட சேர்ந்து குதிக்கும், குண்டு குழியில உதறல் ஜாஸ்தி. ஆனா 1937ல் மெர்சிடிஸ் பந்தயக் குழு ரெண்டு பின் சக்கரத்தையும் ஒண்ணா பிணைச்சா அது மேதமை, 1972ல் வண்டலூர் பிணைச்சா அது மாட்டுவண்டியா? மெர்சிடிஸ் டிஃபரன்ஷியலைச் சேஸ்லயே விட்டான், இவங்களால அந்தச் செலவு முடியலை, வித்தியாசம் அவ்வளவுதான். உரிமம், ஒதுக்கீடு, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுன்னு கையைக் கட்டிப் போட்டிருந்த காலத்துல இதாவது செஞ்சாங்களே.

கெசல் 70களின் கடைசி வரைகூட முழுசா தாங்கலை. 1985ல் ரோவர் காரை வெச்சு ஸ்டாண்டர்ட் 2000ன்னு ஒண்ணு விட்டாங்க. பேரும் விலையும் பெருசு, பெட்ரோல் குடிக்கிறதும் பெருசு. 80கள் முடியுறதுக்குள்ள கம்பெனியே மூடிட்டாங்க. அதுக்கும் இந்தப் பின்னங்காலுக்கும் சம்பந்தமில்லை. மாருதி வந்துட்டான்.

எங்க பஞ்சாயத்துக்கு நான் சொன்ன தீர்ப்பு: ஆம்னி ஆக்ஸில் வேண்டாம். கெசல் கட்சி ஜெயிச்ச வாதம் ஏழு பேர் ஏறுற வண்டிக்கானது. இப்போ இந்த வண்டியில போறது மாமாவும் அத்தையும் மட்டும், அதுவும் முன்சீட்ல. அதனால கூடுதல் பட்டையைக் கழட்டினோம். பின்பக்கம் 35 மில்லிமீட்டர் இறங்கிச்சு. அரிசி மூட்டையோட அளந்தா இடது 0.9, வலது 1.3 டிகிரி நெகட்டிவ். பின் டோவுக்கு அண்ணாச்சி தகரம் வெட்டி ஷிம் செஞ்சார். ரெண்டு கிராஸும் புதுசு. டயர் உள்விளிம்பு கொஞ்சம் தேயும், வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு அது ஒரு விஷயமா?

முன்னால ஒரு சோலி மிச்சம் இருந்தது. சக்கரம் திரும்புற அச்சோட அடியில ட்ரன்னியன்னு ஒரு பித்தளைத் துண்டு, மரை போட்டு மாட்டியிருக்கும். அதுக்குக் கியர் எண்ணெய்தான் அடிக்கணும்னு கையேடு சொல்லுது. எல்லாரும் கிரீஸ் கன்னை வெச்சு அமுக்கி, கிரீஸ் கட்டியாகி, மரை காஞ்சு, ஒரு நாள் முன் சக்கரமே மடிஞ்சு விழும். எங்க வண்டியிலயும் கெட்டிக் கிரீஸ்தான். மண்ணெண்ணெய்ல கழுவி எண்ணெய் அடிச்சாச்சு. பின்னங்காலைப் பத்தி அறுபது வருஷமா உலகமே பேசுது, இதைப் பத்தி யாரும் மூச்சு விடலை பாருங்க.

ரெண்டு மழை பெய்ஞ்சாச்சு. குமாரகோவில் திருப்பத்துல நானே மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன், நனைஞ்ச ரோட்டுல, நாற்பதுல. பின்பக்கம் தரையோட இருக்கு. அத்தை இன்னும் ஏறலை. "நீ சொன்னா ஆச்சா, அவரு அடிக்க வேகம் எனக்கில்லா தெரியும்"ங்கிறாங்க.